காலையில் வெறும் கோடு, மதியம் ஸ்டார்போர்டு டேக்கில் மட்டும் கோடு: மாஸ்ட் உச்சி வயர்லெஸ் காற்று சென்சார்

அலைமோதி

வணக்கம். 26 அடி ஸ்லூப் (ஒரே பாய்மரம் உள்ள படகு), சென்னைத் துறைமுகத்துக்குள்ள மூரிங்ல (மிதவையில கட்டி) நிக்குது. மாஸ்ட் (பாய்மரம்) உச்சி தண்ணியில இருந்து சுமார் 11 மீட்டர். அங்க ஒரு வயர்லெஸ் காற்று சென்சார்: மூணு கப், ஒரு காற்றுமுள், மேல சின்ன சோலார் தகடு, உள்ள சார்ஜ் ஆகுற பேட்டரி. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல பேசுது. மூணாவது வருஷமா ஓடுது. ரிசீவர் கேபினுக்குள்ள ஸ்டார்போர்டு (வலது) பக்கச் சுவர்ல, சுவிட்ச் பேனலுக்குப் பின்னாடி இருக்கு. அங்கிருந்து என்எம்இஏ 2000 (படகுக் கருவிகளை இணைக்கிற கேபிள் வலை) வழியா காக்பிட் (படகு ஓட்டுறவர் உட்கார்ற இடம்) டிஸ்ப்ளேக்குப் போகுது.

இப்ப நாலு பிரச்சனை.

காலையில சுவிட்ச் போட்டா வேகம், கோணம் ரெண்டு இடத்துலயும் எண்ணுக்குப் பதிலா வெறும் கோடுதான். ஒன்பது, ஒன்பதரை மணிக்குத் தானா உயிர் வருது. அதுக்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் ஓடுது.

மதியம் கடல்காத்து ஏறினதும் ஸ்டார்போர்டு டேக்குல (காத்து வலப்பக்கம் இருந்து வர்ற ஓட்டம்) போனா அஞ்சு பத்து செகண்டு கோடு விழுந்து, திரும்ப வருது. போர்ட் டேக்குல (காத்து இடப்பக்கம் இருந்து) ஒரு தடவைகூட விழல.

காத்துக்கு நெருக்கிப் போறப்ப கோணம் ஸ்டார்போர்டு டேக்குல 32, போர்ட் டேக்குல 38 டிகிரி காட்டுது.

கடைசியா, மூரிங்ல நிக்கும்போது காக்பிட்ல நின்னு கையனிமாமீட்டர் (கையடக்கக் காற்றுவேகமானி) பிடிச்சா 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்). அதே நேரம் உச்சி சென்சார் 12 நாட். டிஸ்ப்ளேயில வேகத்தைத் திருத்துற பெருக்கல் எண்ணை 0.83-னு போட்டுடலாமா?

இதுவரை செஞ்சது: இணைப்பை அழிச்சுட்டு ரெண்டு தடவை திரும்ப ஜோடி சேர்த்தாச்சு. ரிசீவரோட சாஃப்ட்வேரைப் புதுப்பிச்சாச்சு. ஃபியூஸ் மாத்தியாச்சு. ரிசீவர் காட்டுற சிக்னல் அளவு, படகு சும்மா நிக்கும்போது -78 டிபிஎம் (பூஜ்யத்துக்குக் கிட்ட வர வர சிக்னல் பலம்). மேல ஏறிப் புது சென்சாரையே மாட்டிடலாமான்னு யோசனை. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேட்டுடலாம்னு எழுதுறேன்.

கடல்காத்து_44

ஸ்டார்போர்டு டேக்குல படகு சாயும்போது உச்சியில ஆன்டெனாவும் சாயுது ப்ரோ. அதனாலதான் சிக்னல் விழுது. ரிசீவருக்கு வெளியாண்டெனா போடுங்க, சரியாயிடும்.

ரிச்சித்தெரு_மின்

சாய்வு காரணமா இருக்க முடியாது. படகு 20 டிகிரி சாஞ்சா மாஸ்ட்டும் 20 டிகிரி சாயுது, கேபின் சுவர்ல இருக்கிற ரிசீவரும் அதே 20 டிகிரி சாயுது. ரெண்டுக்கும் நடுவுல தூரமும் மாறாது, ஒண்ணை ஒண்ணு பார்க்குற கோணமும் மாறாது. டேக் மாறும்போது நிஜமாவே இடம் மாறுறது மூணு: பூம் (பாயோட அடிக்கட்டை), மெயின்செயில் (பெரிய பாய்), ஆளுங்க.

ஸ்டார்போர்டு டேக்குல எல்லாரும் எந்தப் பக்கம் உட்காருவாங்க? காத்து வர்ற பக்கம், அதாவது ஸ்டார்போர்டு பக்கம். உங்க ரிசீவர் இருக்கிறதும் அதே பக்கச் சுவர்தான். மூணு நாலு பேர் சரியா அதுக்கு மேல உட்கார்றாங்க. 2.4 கிகாஹெர்ட்ஸை மனுஷ உடம்பு நல்லா உறிஞ்சும், உடம்புல பெரும்பாகம் தண்ணிதானே. வழியில ஒரு ஆள் குறுக்க இருந்தா 10 முதல் 20 டெசிபெல் போயிடும்.

கணக்கையும் பாருங்க சார். 11 மீட்டர் தூரத்துல 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் வெறும் வெளியில இழக்குறது சுமார் 61 டெசிபெல். சென்சார் 0 டிபிஎம்ல அனுப்புதுன்னு வச்சுக்கிட்டா, தடையே இல்லாம -61 வரணும். உங்களுக்கு -78. சும்மா நிக்கும்போதே 17 டெசிபெல் எங்கயோ தொலைஞ்சிருக்கு. இந்த மாதிரி ரிசீவர் -90, -95 வாக்குல கைவிட்டுடும். -78ல இருந்து ஆளுங்க 15 எடுத்தா -93. கோடு விழுறதுக்கு வேற காரணம் தேடவே வேண்டாம்.

அந்த 17 எங்க போச்சுன்னா, சுவிட்ச் பேனல்தான். அலுமினியத் தகடு, பின்னாடி செப்புக் கம்பிக் கட்டு, பஸ்பார். ரிசீவரைக் கழட்டி, டிராப் கேபிள் (மெயின் கேபிள்ல இருந்து ரிசீவருக்கு வர்ற கிளை) எட்டுற வரைக்கும் இழுத்து, கேபின் கூரைக்குக் கீழ நடுக்கோட்டுல, உலோகம் எதுவும் ஒரு முழத்துக்குள்ள இல்லாத இடத்துல டேப் போட்டுத் தற்காலிகமா ஒட்டிப் பாருங்க. கண்ணாடி இழைக் கூரை 2.4 கிகாஹெர்ட்ஸை அவ்வளவா தடுக்காது. மாஸ்ட்டுக்கு நேர் கீழ மட்டும் வைக்காதீங்க. செங்குத்து ஆன்டெனாவுக்கு அதோட காலடியிலதான் சிக்னல் ரொம்பக் குறைவு. மூணு மீட்டர் பின்னாடி தள்ளினா நேர்கோட்டுல இருந்து 15 டிகிரி விலகிடும், அதுவே வித்தியாசம் தரும். எடுத்ததுமே ஆணி அடிக்காம முதல்ல டேப், அப்புறம் அளவு, அப்புறம்தான் ஸ்க்ரூ.

டிராப் கேபிள் பத்தாதுன்னா 6 மீட்டர் வரைக்கும் ஒரே டிராப்பை நீட்டலாம், அதுக்கு மேல விதி அனுமதிக்காது. கையோட கையா அந்த என்எம்இஏ 2000 பாதை முழுக்க ஒரு தடவை சோதிச்சுடுங்க: மின்சாரத்தை அணைச்சுட்டு வெள்ளைக்கும் நீலத்துக்கும் நடுவுல மல்டிமீட்டர்ல 60 ஓம் வரணும். 120 வந்தா ஒரு டெர்மினேட்டர் (கேபிள் முனையில மாட்டுற மின்தடை) காணோம். 40 வந்தா யாரோ மூணாவது ஒண்ணு மாட்டியிருக்காங்க.

ரிசீவருக்குப் பக்கத்துல யூஎஸ்பி 3 ஹப்போ, அந்த வகை ஹார்டு டிஸ்க்கோ இருந்தா தள்ளி வைங்க. அதோட இரைச்சல் சரியா 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் விழும். சாதாரண சார்ஜர் சாக்கெட் அப்படி இல்ல.

இன்னொரு சோதனையும் உண்டு, செலவே இல்லாதது. டிஸ்ப்ளேயைப் பார்த்துக்கிட்டே விஎச்எஃப் ரேடியோவுல 25 வாட்ல ஒரு நொடி பட்டனை அழுத்துங்க, 16-ஆம் சேனல்ல வேண்டாம், பேச்சு ஓடாத ஒரு சேனலாப் பார்த்து. அழுத்துற நேரம் மட்டும் கோடு விழுந்தா, உச்சியில விஎச்எஃப் ஆன்டெனா சென்சாருக்கு ரொம்பப் பக்கத்துல இருக்குன்னு அர்த்தம்.

காலைக் கோடு வேற விஷயம். அது பேட்டரி. வேகம், கோணம் ரெண்டும் சேர்ந்து போகுது, வெயில் வந்ததும் ரெண்டும் சேர்ந்து வருது. கப் பழுதானா வேகம் மட்டும் போகும், முள்ளோட காந்தமோ சென்சாரோ பழுதானா கோணம் மட்டும் போகும். ஆனா பேட்டரி சார்ஜைப் பிடிச்சு வைக்கலையா, இல்ல சோலார் தகடு சார்ஜே குடுக்கலையாங்கிறது கீழ இருந்து தெரியாது. சென்சாரை இறக்கினதும் இப்படிப் பாருங்க: மெத்துன்னு ஒரு துணியால தகட்டை மட்டும் துடைச்சு, ரெண்டு நாள் முழு வெயில்ல வைங்க. மூணாவது நாள் கறுப்புத் துணியில சுத்தி கேபினுக்குள்ள வச்சு, எத்தனை மணி நேரம் டிஸ்ப்ளேயில உயிரோட இருக்குன்னு குறிச்சுக்கோங்க. நல்ல பேட்டரின்னா பல நாள் தாங்கணும், உங்க கையேட்டுல எத்தனை மணின்னு போட்டிருப்பாங்க. ஒரு ராத்திரிகூடத் தாங்கலைன்னா செல் முடிஞ்சது.

புது சென்சார் இப்ப வாங்காதீங்க. ரிசீவர் இடம் மாத்தாம புதுசு போட்டாலும் மதியம் கோடு விழத்தான் செய்யும்.

கயிறும்கப்பியும்

மின் தம்பி சொன்னதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. நான் ஏறுறதைப் பத்தி மட்டும் எழுதுறேன், ஏன்னா ஒரே ஏத்தத்துல எல்லாத்தையும் முடிக்கணும்.

விடிகாலையில ஏறுங்க, கடல்காத்து எழறதுக்கு முன்னாடி. துறைமுகத்துக்குள்ள அலை இல்லைன்னு நம்பாதீங்க. ஒரு இழுவைப் படகு பக்கத்துல வேகமா போனா போதும். படகு 5 டிகிரி ஆடினா 11 மீட்டர் உயரத்துல நீங்க பக்கத்துக்கு ஒரு மீட்டர் வீசப்படுவீங்க. கரையோரமா, ரெண்டு பக்கமும் ஃபெண்டர் (இடிதாங்கி) போட்டுக் கட்டி வச்சு ஏறுறது நல்லது.

ரெண்டு ஹால்யார்டு (பாயை ஏத்துற கயிறு). ஒண்ணுல போசன் சேர் (மாஸ்ட் ஏற உட்கார்ற தொங்கு இருக்கை), இன்னொண்ணு தனியா இடுப்பு ஹார்னெஸ்ல. ரெண்டும் மாஸ்ட்டுக்குள்ள ஓடுற ஹால்யார்டா இருக்கட்டும், வெளிய ஒரு ஷேக்கிள்ல (உலோகப் பூட்டு வளையம்) தொங்குற கப்பியை நம்பி ஏற வேண்டாம். ஸ்னாப் ஷேக்கிளை நம்பாதீங்க, அதைத் தாண்டிக் கயிறையே போலைன் முடிச்சுல சேரோட வளையத்துல கட்டுங்க. கீழ விஞ்ச் (கயிறு இழுக்குற உருளை) சுத்துறவர் ஒருத்தர், ரெண்டாவது கயிறோட தொய்வை எடுக்குறவர் இன்னொருத்தர். மாஸ்ட்டுக்கு நேர் கீழ யாரும் நிக்கக் கூடாது. எல்லா ஸ்பேனருக்கும், ஆலன் கீக்கும் கைக்கயிறு கட்டுங்க. ஆறு மில்லிமீட்டர் ஆலன் கீ 11 மீட்டர்ல இருந்து விழுந்தா டெக்குல பள்ளம் விழும், தலையில விழுந்தா சொல்லவே வேண்டாம். விஎச்எஃப் ரேடியோ ஃபியூஸைக் கழட்டிப் பாக்கெட்டுல போட்டுட்டு ஏறுங்க. முகத்துக்குப் பக்கத்துல ஆன்டெனா இருக்கும்போது கீழ யாராவது பட்டனை அழுத்திடக் கூடாது.

மேல போனதும் எதையும் கழட்டறதுக்கு முன்னாடி ஒரு படம். மொபைலைச் சென்சார் கைக்கு நேர் மேல பிடிச்சு, கீழ பார்த்து எடுங்க. படத்துல அந்தக் கை நீட்டுற திசையும் கீழ முன்மூக்குல ஃபோர்ஸ்டே (மாஸ்ட்டை முன்பக்கம் இழுத்துப் பிடிக்கிற கம்பி) இறங்குற புள்ளியும் ஒரே கோட்டுல வரணும். உங்க 32க்கும் 38க்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் பிராக்கெட் திரும்பியிருக்கிறதாலயா இல்லையான்னு அந்த ஒரு படமே சொல்லிடும். பிராக்கெட்டைக் கையால அசைச்சுப் பாருங்க. துளி ஆட்டம் இருந்தாலும் டிஸ்ப்ளேயில போடுற எந்தத் திருத்தமும் நிக்காது, அடுத்த காத்துல மாறிடும்.

சென்சாரைக் கழட்டறதுக்கு முன்னாடியே அதுக்கு ஒரு மெல்லிய கயிறு கட்டிடுங்க. கழட்டினதுக்கு அப்புறம் கட்டலாம்னு நினைக்கிறப்பதான் கை வழுக்கும்.

கப்பைச் சுண்டி விடுங்க. மெதுவா வேகம் குறைஞ்சு நிக்கணும். திடீர்னு நின்னாலோ, நின்ன இடத்துல இருந்து சின்னதா பின்னாடி வந்தாலோ பேரிங்ல உப்பு. எண்ணெய், ஸ்ப்ரே எதுவும் விடாதீங்க. எண்ணெய் தூசியைப் பிடிச்சு மாவாக்கிடும். 2011-ல உயர் நீதிமன்ற உத்தரவுக்கு அப்புறம் துறைமுகத்துல நிலக்கரியும் இரும்புத்தாதும் நின்னுபோச்சு, முன்ன மாதிரி கறுப்பு படியறதில்ல. ஆனா தூசி தூசிதான். பேரிங்கை வெதுவெதுப்பான நல்ல தண்ணியில அலசணும். போர்வெல் தண்ணி வேண்டாம், உப்பு போய் அந்த இடத்துல சுண்ணாம்பு உட்காரும். பெட்ரோல் பங்க்ல கிடைக்கிற பேட்டரி டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர் போதும், ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்தி மேல கொண்டு போங்க.

பிராக்கெட் ஸ்க்ரூ அலுமினிய மாஸ்ட்டுக்குள்ள ஸ்டெயின்லெஸ். ரெண்டு உலோகமும் உப்புத்தண்ணியும் சேர்ந்தா வெள்ளைப் பொடி கக்கும், அப்புறம் கழட்டவே வராது. 316 ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, நடுவுல நைலான் வாஷர், மரையில லேனோலின் கிரீஸ். பழைய மரை போயிடுச்சுன்னா, எம்5 மரைக்கு 4.2 மில்லிமீட்டர் துளை, எம்4க்கு 3.3. பாரிமுனையில ஸ்க்ரூ வாங்கும்போது காந்தம் வச்சுப் பார்த்து 316னு முடிவு பண்ணாதீங்க, 304ம் காந்தத்துல ஒட்டாது. தலையில பொறிச்சிருக்கிற ஏ4 குறியைப் பாருங்க, அதுதான் 316. ஏ2ன்னா 304.

காக்கா விஷயம் யாரும் சொல்லல. நம்ம ஊர்ல மாஸ்ட் உச்சிதான் காக்காவுக்கு நாற்காலி. முள்ளு மேல உட்கார்ந்து வளைக்கும், தகட்டு மேல எச்சம் போடும். காலையில லேட்டா உயிர் வர்றதுல பாதி காரணம் அந்த எச்சமாகவே இருக்கலாம். நீளமான கேபிள் டையை நாலஞ்சு, வாலை வெட்டாம மேல நிக்கிற மாதிரி மாஸ்ட் தொப்பியில கட்டுங்க. முள்ளுக்கும் கப்புக்கும் பின்னாடி தள்ளி மட்டும். முன்னாடி நின்னா காத்தைக் கலைச்சு விட்டுடும்.

தோற்றக்காற்று

முதல்ல 0.83ஐ அழிச்சுடுங்க. போட்டிருந்தீங்கன்னா இப்பவே 1.00க்குத் திருப்புங்க.

12க்கும் 10க்கும் நடுவுல எந்தப் பழுதும் இல்லை. கடல் மேல காத்து உயரம் கூடக் கூட வேகம் கூடும். தண்ணி மேற்பரப்பு உராய்வு கீழ்க்காத்தைப் பிடிச்சு இழுக்குது. காக்பிட்ல உங்க கை 2 மீட்டர்ல, சென்சார் 11 மீட்டர்ல. திறந்த தண்ணிக்கான வழக்கமான கணக்குல மேல இருக்கிறது கிட்டத்தட்ட 20 சதவீதம் கூட இருக்கணும். 10க்கு 12. உங்க ரெண்டு கருவியும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுதுன்னுதான் இதுக்கு அர்த்தம். 0.83 போட்டா நல்லா இருக்கிற சென்சாரைப் பொய் சொல்ல வைப்பீங்க, 18 நாட் காத்துல 15னு பார்த்து ரீஃப் போடாம (பாயைச் சுருக்காம) விட்டுடுவீங்க. அதுல எனக்கு நிஜமாவே கவலை.

வேகத்தைச் சோதிக்கணும்னா இறக்கின சென்சாரையும் கையனிமாமீட்டரையும் ஒரே உயரத்துல, அரை மீட்டர் இடைவெளியில, காத்துக்குக் குறுக்கா பிடிச்சு அஞ்சு நிமிஷச் சராசரி எடுங்க. மீனம்பாக்கம் விமான நிலைய அறிக்கையோட ஒப்பிட வேண்டாம். அது 10 மீட்டர் உயரத்துல அளக்குறதுதான், ஆனா கரைக்கு உள்ள இருக்கு. கடல்காத்து இங்க எழுந்து அங்க போய்ச் சேர்றதுக்குள்ள நேரமும் திசையும் மாறிடும். டிஸ்ப்ளேயில அலகு நாட்டா, நொடிக்கு மீட்டரான்னும் ஒரு தடவை பாருங்க. 1 நாட் 0.514 மீட்டர், மாறியிருந்தா பாதிக்குப் பாதி தப்பு.

இப்ப கோணம். 32, 38. வித்தியாசம் 6, அதுல பாதி 3. ரெண்டு பக்கமும் 35 வரணும்னா ஸ்டார்போர்டு பக்கம் 3 கூட்டணும். உங்க டிஸ்ப்ளே ஸ்டார்போர்டைப் பிளஸ்ஸா எடுத்தா திருத்தம் +3. போட்டதும் ஸ்டார்போர்டு 35, போர்ட் -35 ஆகுதான்னு பாருங்க. 29ம் 41மா போனா குறி தலைகீழ், -3 போடுங்க.

ஆனா அந்த 32ஐயும் 38ஐயும் எப்படி எடுத்தீங்கங்கிறது முக்கியம். தென்கிழக்குக் கடல்காத்துல ஸ்டார்போர்டு டேக் உங்களைக் கிழக்கே கொண்டு போகும், போர்ட் டேக் தெற்கே. தெற்குல இருந்து நீளமான அலை உருண்டு வர்ற நாள்ல போர்ட் டேக்குல அலை நேரா மூக்குல முட்டும், படகு வேகம் குறையும். வேகம் குறைஞ்சா தோற்றக் காற்றோட (ஓடுற படகுல இருந்து உணர்ற காத்து) கோணம் விரியும். 8 நாட் காத்துல படகு வேகம் 5ல இருந்து நாலரைக்கு இறங்கினாலே கோணம் 1 டிகிரிக்கு மேல மாறுது. அதனால உங்க 6 டிகிரியில 1 அலையோட வேலையா இருக்கலாம்.

அலை அடங்கின நாள்ல, 8 முதல் 12 நாட் சீரான காத்துல, ஒவ்வொரு டேக்குலயும் மூணு நிமிஷம், மொத்தம் நாலு டேக். டேம்பிங்கை (எண் துள்ளாம சராசரியாக்குற அமைப்பு) அதிகமா வச்சு, டேக் அடிச்ச முதல் ஒரு நிமிஷத்தை விட்டுட்டு எழுதுங்க. ரெண்டு பக்கமும் படகு வேகம் 0.2 நாட்டுக்குள்ள ஒத்துப்போனா மட்டும் அந்த ஜோடியைக் கணக்குல சேருங்க. வெயில் ஏறி கடல்காத்து இப்பதான் எழும்புதுன்னா அரை மணி பொறுங்க. காத்து புதுசா நுழையும்போது மேல ஒரு திசை, கீழ ஒரு திசைன்னு முறுக்கியிருக்கும், எந்த அளவும் நிக்காது.

இன்னொரு கேள்வி: உங்க டிஸ்ப்ளேயில உண்மைக் காற்று (படகோட ஓட்டத்தைக் கழிச்ச நிஜக் காத்து) என்ன காட்டுது? அதையும் எழுதுங்க.

அலைமோதி

எல்லாருக்கும் நன்றி. செஞ்சதை வரிசையா எழுதுறேன்.

வெள்ளைக்கும் நீலத்துக்கும் நடுவுல 60 ஓம். விஎச்எஃப் அழுத்தினப்ப காற்று அளவு அசையல. ரிசீவரை கேபின் கூரைக்குக் கீழ, நடுக்கோட்டுல, மாஸ்ட்டுல இருந்து இரண்டரை மீட்டர் பின்னாடி ஒட்டினேன். சிக்னல் -78ல இருந்து -66. ஸ்டார்போர்டு பக்கம் நாலு பேரை உட்கார வச்சுப் பார்த்தா -71. ரெண்டு மதியம் ஓட்டியாச்சு, ஒரு கோடுகூட விழல.

உச்சியில எடுத்த படத்துல பிராக்கெட் லேசா ஸ்டார்போர்டு பக்கம் திரும்பியிருக்கு. ஸ்க்ரூ இறுக்கமா இருக்கு, ஆட்டம் இல்ல. தகட்டு மேல காக்கா எச்சம் காஞ்சு ஒட்டியிருந்தது, பாதிக்கு மேல மூடியிருந்தது. மேல் மூடியும் மஞ்சளாகியிருக்கு. கப் நல்லா சுத்துது.

துடைச்சு ரெண்டு நாள் வெயில்ல வச்சு, கறுப்புத் துணியில சுத்தினேன். ஏழு மணி நேரம்தான் தாங்குச்சு. திறந்து பார்த்தா விரல் மாதிரி ஒரு செல், மேல உறையில 14500னு மட்டும் தெரியுது, மீதி எழுத்து அழிஞ்சிருக்கு. ரிச்சி தெருவுல அதே அளவு செல் வாங்கிப் போடலாமா?

உண்மைக் காற்று: நேத்து தோற்றம் 12 நாட், 30 டிகிரி. உண்மையும் 12 நாட், 30 டிகிரி. அப்ப ஜிபிஎஸ்ல 5 நாட் ஓடிக்கிட்டிருந்தோம்.

ரிச்சித்தெரு_மின்

கொஞ்சம் நில்லுங்க சார், 14500ங்கிறது வெறும் அளவு. 14 மில்லிமீட்டர் தடிமன், 50 மில்லிமீட்டர் நீளம், அவ்வளவுதான். அதே உடம்புக்குள்ள மூணு விதமான செல் கடையில இருக்கு, ஒண்ணோட இடத்துல இன்னொண்ணு போட்டா ஆபத்து. 3.7 வோல்ட் லித்தியம் அயான் 4.2 வரைக்கும் சார்ஜ் ஆகும். 3.2 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 3.65ஓட நிறுத்தணும். மூணாவது 3.6 வோல்ட் லித்தியம் தயோனைல் குளோரைடு, அதைச் சார்ஜே பண்ணக் கூடாது, பண்ணினா வெடிக்கலாம்.

உங்களுது எதுன்னு இப்படிக் கண்டுபிடிங்க. பழைய செல் இருக்கும்போதே வெயில்ல நாலு மணி நேரம் வச்சு, செல்லோட ரெண்டு முனையில வோல்ட் பாருங்க. 3.7ஐத் தாண்டி 4 பக்கம் போனா லித்தியம் அயான். 3.6 பக்கத்துலயே நின்னுடுச்சுன்னா பாஸ்பேட். சந்தேகம் இருந்தா கையேட்டோட கடைசிப் பக்கத்துலயோ தயாரிப்பாளர்கிட்டயோ கேட்டுட்டுத்தான் வாங்கணும். இதுல ஊகம் வேண்டாம்.

வாங்கும்போது ரெண்டு முனையிலயும் நிக்கல் பட்டை ஸ்பாட் வெல்டு பண்ணின செல்லாக் கேளுங்க. செல் மேல நேரா சால்டரிங் அயர்ன் வைக்கக் கூடாது, சூட்டுல உள்ள இருக்கிற சீல் கெட்டுடும். பட்டையில சால்டர் பண்ணலாம். உறையில 14500 அளவுக்கு 2000, 3000 மில்லி ஆம்பியர் மணின்னு அச்சடிச்சிருந்தா அந்தக் கடையைத் தாண்டிப் போயிடுங்க. இந்த அளவு லித்தியம் அயான் செல்லுல நிஜமா கிடைக்கிறது பெரும்பாலும் ஆயிரத்துக்குக் கீழதான்.

மூடும்போது ஓ-ரிங்கைப் புதுசா மாத்தி, சிலிகான் கிரீஸ் மெலிசா தடவுங்க. சிலிகான் பசை வைக்கிறதா இருந்தா வினிகர் வாசனை அடிக்கிற வகை வேண்டாம், அந்த அமிலம் செப்பைத் தின்னும். நியூட்ரல் கியூர்னு கேட்டு வாங்குங்க. முக்கியமா, ஏசி ஓடுற அறையில மணிக்கணக்கா திறந்து வச்சுட்டு அங்கேயே மூடுங்க. வெளிய நம்ம ஊர் ஈரக்காத்தோட மூடினா அந்த ஈரமும் உள்ள மாட்டிக்கும், ராத்திரி குளிர்ந்ததும் போர்டு மேல பனித்துளியா உட்காரும். சின்னதா ஒரு சிலிக்கா ஜெல் பை உள்ள இடம் இருந்தா வைங்க. மூடினதும் ஒரு வாளித் தண்ணியில கை முட்டி ஆழத்துக்கு முக்கி ரெண்டு நிமிஷம் பிடிங்க. குமிழி வந்தா சீல் சரியில்ல, உடனே எடுத்துத் துடைச்சுத் திறந்துடுங்க.

மஞ்சள் மூடியை பிளாஸ்டிக் பாலிஷ் போட்டுத் தேய்ச்சா ஓரளவு தெளியும். தின்னர், அசிட்டோன் கிட்டவே கொண்டு போகாதீங்க, பாலிகார்பனேட்ல வலை வலையா வெடிப்பு விழும்.

தோற்றக்காற்று

உண்மைக் காற்றும் தோற்றக் காற்றும் ஒரே எண்ணுன்னா, கணக்குப் போடுற டிஸ்ப்ளேக்குப் படகு வேகம் பூஜ்யம்னு போகுது. 12 நாட், 30 டிகிரி, படகு வேகம் 5ன்னா உண்மைக் காற்று 8 நாட், 48 டிகிரி வரணும். உச்சி சென்சாருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஹல்லுக்கு (படகோட உடம்பு) அடியில இருக்கிற பேடில்வீல் (படகு வேகத்தை அளக்குற சின்னச் சக்கரம்) நின்னுருச்சு. துறைமுகத்துத் தண்ணியில சில வாரத்துல கொட்டலசு (பார்னக்கிள், ஓட்டோட ஒட்டிக்கிற கடலுயிரி) பிடிச்சுடும்.

ஜிபிஎஸ் வேகத்தை மூலமா மாத்தினா சரியாயிடுமேன்னு தோணும். தற்காலிகமா ஓடும். ஆனா நம்ம கரையோரம் நீரோட்டம் நல்லா இருக்கு, வருஷத்துல பெரும்பகுதி வடக்கே, அக்டோபர்ல இருந்து தெற்கே திரும்பும். 1 நாட் ஓட்டம் இருந்தா ஜிபிஎஸ் வேகத்துல வர்றது தரையில நிக்கிறவங்களுக்கான காத்து, பாய்க்கானது இல்ல. கோணத் திருத்தமும் அதுலயே குழம்பும்.

பேடில்வீலை உள்ள இருந்து உருவுறப்ப டம்மி பிளக்கை (துளையை அடைக்கிற மூடி) கையில வச்சுக்கிட்டே உருவுங்க. 50 மில்லிமீட்டர் துளை, தண்ணிமட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழன்னா நொடிக்கு 3 லிட்டர் அளவுக்கு வரும். பதறாதீங்க, ஒருத்தர் உருவ, இன்னொருத்தர் அதே நொடி பிளக்கை அழுத்தணும். சில வகையில உள்ளயே மடிப்பு வால்வு இருக்கும், அப்பவும் கசியும். வெள்ளை வினிகர்ல ஒரு மணி நேரம் ஊற வச்சா கொட்டலசோட அடிச்சுண்ணாம்பு இளகும், மரக்குச்சியால சுரண்டுங்க, கத்தி வேண்டாம். சக்கரம் ஊதினா சுத்தணும். பெயின்ட் பூசுறதா இருந்தா தண்ணியில கரைக்கிற ஆன்டிஃபௌலிங் (கொட்டலசு ஒட்டாம தடுக்குற பெயின்ட்) மட்டும், கரைப்பான் வகை பிளாஸ்டிக்கை அரிக்கும்.

சக்கரம் சுத்த ஆரம்பிச்சதும் முதல்ல படகு வேகத்தைத் திருத்துங்க: ரெண்டு மிதவைக்கு நடுவுல மோட்டார்ல போகவும் வரவும் ஒரே ஆர்பிஎம்ல ஓடி, ரெண்டு ஜிபிஎஸ் வேகத்தோட சராசரியோட ஒப்பிட்டு. அது முடிஞ்சப்புறம்தான் +3ஐ உறுதிப்படுத்தணும். அதுவரைக்கும் அதைத் தற்காலிகம்னு குறிச்சு வைங்க.

அலைமோதி

பழைய செல் வெயில்ல 4.08 வோல்ட் காட்டுது, அப்ப லித்தியம் அயான்தான், பட்டை வெல்டு பண்ணினதாப் பார்த்து வாங்குறேன். பேடில்வீலை ஞாயித்துக்கிழமை காலையில உருவுறோம், பிளக் பிடிக்க ஒரு ஆள் சொல்லியாச்சு.

கயிறும்கப்பியும்

சென்சாரைத் திரும்ப மாட்ட ஏறும்போது அந்த பிராக்கெட்டையும் நேராக்கிடுங்க தம்பி. கீழ ஃபோர்ஸ்டே அடியில ஒருத்தரை நிக்க வச்சு, மேல இருந்து பார்த்துத் திருப்பி, அப்புறம் இறுக்குங்க. +3ஐயும் அப்பவே பூஜ்யமாக்கிட்டு, புதுசா டேக் அடிச்சு அளவெடுங்க.